கரிசல் காட்டுக்கு ஒரு வண்டி

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு நல்ல தார் ரோடு இருக்கிறது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிற நாலு வழிச் சாலையோ அதைவிட நன்றாக இருக்கிறது. இந்த ரோடுகளில் ஓட்டுவதற்கு எந்த மோட்டார் சைக்கிள் உத்தமம் என்று யாரும் கட்டுரை எழுத வேண்டியதில்லை. எதுவும் ஓடும். தார் முடிந்து வண்டிப்பாதை தொடங்குகிற இடத்தில்தான் நான் சொல்ல வந்த விஷயம் ஆரம்பமாகிறது.

அந்த இடம் வெகு தூரத்தில் இல்லை. ரோட்டை விட்டு இறங்கி ஒரு கண்மாய்க் கரையில் ஏறினால் போதும். கரைமேல் ஒற்றையடிப் பாதை. இரு பக்கமும் சீமைக் கருவேல். கரையை விட்டு இறங்கினால் கரிசல். கரிசலைத் தாண்டினால் குண்டாற்று மணல். இந்தச் சீமை முழுவதும் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தியும் மக்காச்சோளமும் குதிரைவாலியும் விளையும். பெய்யாவிட்டால் கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பார்கள். திருச்சுழி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 1879-ல் ரமண மகரிஷி பிறந்த ஊர் என்று தெரியும். பூமிநாதர் கோயிலைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுவார்கள். சுற்றியிருக்கிற கிராமங்களுக்குள் போகிறவர்கள் சொற்பம்.

அங்கே ஆட்கள் குடிபெயர்ந்து காலியான ஊர்கள் இருக்கின்றன. கோயில் மட்டும் மிஞ்சி, வருஷத்தில் ஒரு நாள் களரிக்கு மட்டும் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து கூடிப் பொங்கல் வைத்துவிட்டுப் போகிற ஊர்கள் இருக்கின்றன. கலுங்கு ஓரத்தில் குப்புற விழுந்து கிடக்கிற கற்களும் உண்டு. நான் எழுதிய கதைகளில் பாதிக்கு மேல் அந்த ஊர்களிலிருந்து வந்தவை. பஸ் அங்கே போகாது. கார் போனால் முள்ளில் உடம்பெல்லாம் கீறிக்கொண்டு வரும், அல்லது வராது. நடந்து போகலாம், முப்பது வயதில். எனக்கு அறுபத்திரண்டு நடக்கிறது.

இத்தனை காலமும் என்னைச் சுமந்து திரிந்த மோட்டார் சைக்கிளுக்கு இனிமேல் சாமான் கிடைக்காது என்று ஆகிவிட்டது. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. செத்தவரைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம். ஆக, இன்னொரு வண்டி வேண்டும். இல்லாவிட்டால் கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற உலகம் எனக்கு இல்லை என்று தலை முழுகிவிட வேண்டும்.

இப்போது ‘டூயல் ஸ்போர்ட்’ என்றும் ‘அட்வெஞ்சர்’ என்றும் ஒரு ஜாதி வண்டிகள் விற்கிறார்கள். ரோட்டிலும் ஓடும், காட்டிலும் ஓடும் என்று அர்த்தம். விளம்பரப் படத்தில் அந்த வண்டி பனிமலை உச்சியில் நிற்கும். அல்லது பாலைவன மணலை வாரி இறைத்துக்கொண்டு பாயும். பருத்திக் காட்டில் சேறு அப்பி நிற்கிற படத்தை நான் பார்த்ததில்லை. எந்தச் சாமானைக் கண்டாலும், இது வருவதற்கு முன்னால் என்ன இருந்தது என்று கேட்பது கதை எழுதுகிறவனுக்கு உள்ள கெட்ட பழக்கம். வண்டி வாங்கப் போன நான் வண்டிகளின் சரித்திரத்துக்குள் போய்விட்டேன். போனது வீண் போகவில்லை என்பதனால் எழுதுகிறேன்.

முதலில் மாட்டு வண்டி. நம் பக்கத்துக் கட்டை வண்டியின் சக்கரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஏறக்குறைய ஆளின் நெஞ்சளவு உயரம் இருக்கும். தச்சன் மரம் மிஞ்சிப் போய் அப்படிச் செய்யவில்லை. சக்கரம் பெரிதாக இருந்தால் சின்னக் குழியில் விழாமல் மேலே உருண்டு போகும். சேற்றில் அச்சு தட்டாது. அதே சக்கரம் இரும்புப் பட்டையோடு வருஷக் கணக்கில் ஓடி ஓடிக் கரிசலில் இரண்டு தடம் வெட்டிவிடும். சித்திரை வெயிலில் அந்தத் தடம் கல்லாக இறுகிப் போகும். இரண்டு சக்கரத்தில் போகிறவன் அதற்குள் முன் சக்கரத்தை விட்டுவிட்டால், தடம் போகிற ஊருக்குத்தான் அவனும் போக வேண்டும். இன்றைக்குக் காட்டு வண்டிகளுக்கு முன் சக்கரம் 21 அங்குலம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். தச்சனுக்குத் தெரிந்த சங்கதிதான்.

அப்புறம் பஸ். டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்ட கதை பிரசித்தமானது. அந்தக் காலத்து ரோடுகளில் மாட்டு லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் டயரைக் குத்திக்கொண்டே இருந்தன என்றும், அவற்றைப் பொறுக்குவதற்கென்றே காந்தம் கட்டிய வண்டி ஒன்றை அவர் ஓட விட்டார் என்றும் சொல்லுவார்கள். இரண்டாவது மகா யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது அவருடைய கம்பெனி கரியை எரித்து வாயு உண்டாக்கும் அடுப்பைச் செய்தது. பஸ்கள் முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடின. டயருக்குப் பகை ஆணியா முள்ளா, வயிற்றுக்குத் தீனி பெட்ரோலா கரியா என்பதெல்லாம் அந்தந்த மண்ணும் அந்தந்தக் காலமும் தீர்மானிக்கிற காரியம். பம்பாயிலும் சென்னையிலும் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது.

மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். சரித்திரத்தைப் புரட்டியபோது எனக்கு ஆச்சரியம் தந்த விஷயம் ஒன்று உண்டு. ரோட்டு வண்டி வேறு, காட்டு வண்டி வேறு என்கிற பிரிவினை பிற்காலத்தில் வந்தது. ஆதியில் எல்லா மோட்டார் சைக்கிளும் காட்டு வண்டிதான். ஏனென்றால் எல்லா ரோடும் காடாகத்தான் இருந்தது. தார் வந்தது, தார் வந்த தேசங்களில் வண்டி தாழ்ந்து, சக்கரம் சிறுத்து, மெத்தை தடித்தது. பிறகு ஒரு நாள், ‘தார் இல்லாத இடத்துக்கும் போக ஒரு வண்டி வேண்டுமே’ என்று அவர்களுக்குத் தோன்றிற்று. பழையதையே புதிதாகப் பெயர் வைத்து விற்றார்கள்.

இதற்கு நல்ல சாட்சி நம் புல்லட். புல்லட் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர்; இல்லாவிட்டால் தோளில் துண்டு போட்ட ஒரு மிராசுதார். அது வருகிற சத்தம் ஊருக்கு முன்னாலேயே வந்துவிடும். ஆனால் அதன் பிறப்பு சேற்றிலே. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் ராயல் என்பீல்டு கம்பெனி 1901-லேயே மோட்டார் சைக்கிள் செய்ய ஆரம்பித்துவிட்டது. ‘புல்லட்’ என்ற பெயர் 1930-களின் ஆரம்பத்தில் வந்தது. ஆனால் நமக்குத் தெரிந்த புல்லட்டின் மூல உரு வெளியே தலை காட்டியது 1948-ல், கோல்மோர் கோப்பை என்னும் ‘டிரையல்ஸ்’ போட்டியில். டிரையல்ஸ் என்றால் வேகப் பந்தயம் அல்ல. சேறும் பாறையும் ஓடையுமான பாதையில் காலைத் தரையில் ஊன்றாமல் ஓட்ட வேண்டும். ஊன்றினால் மார்க்கு போகும்.

அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின் சக்கரத்தில் ஸ்பிரிங் கிடையாது. சட்டத்தோடு சட்டமாகச் சக்கரத்தை முடுக்கியிருப்பார்கள். ஸ்பிரிங் எல்லாம் உட்காருகிற இருக்கைக்குத்தான். சேற்றில் பிடிமானத்துக்கு அதுதான் நல்லது என்று பெரிய பெரிய ஓட்டக்காரர்களே நம்பினார்கள். ரெட்டிச்சுக்காரர்கள் பின் சக்கரத்தை ஒரு கையில் மாட்டி, அந்தக் கை மேலும் கீழும் ஆடும்படி ஸ்பிரிங் வைத்துக் கொண்டுவந்தார்கள். அதே 1948-ல் இத்தாலியில் ஸான் ரெமோ என்ற இடத்தில் நடந்த ஆறு நாள் பந்தயத்தில் அந்த வண்டிகள் தங்க மெடல் வாங்கியதும் எதிர்ப்பேச்சு அடங்கிற்று. இன்றைக்கு ரோட்டில் ஓடுகிற மோட்டார் சைக்கிள்களில் அந்த ஆடும் கை இல்லாததைப் பார்ப்பது அபூர்வம்.

இந்திய ராணுவத்துக்கு 1950-களின் ஆரம்பத்தில் எல்லைக் காவலுக்கு வண்டி தேவைப்பட்டது. 800 புல்லட்டுகளுக்கு ஆர்டர் போயிற்று. அந்த ஆர்டரிலிருந்துதான் நம்மூர்க் கதை தொடங்குகிறது. சென்னையில் இருந்த மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச்சுக்காரர்களும் சேர்ந்து 1955-ல் என்பீல்டு இந்தியா என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் சீமையிலிருந்து பெட்டி பெட்டியாக உறுப்புக்கள் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1956 முடிவதற்குள் இப்படிப் பூட்டி முடித்தவை 163 வண்டிகள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உறுப்புக்களையும் இங்கேயே வார்த்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடிவிட்டது. அதற்குப் பிறகு சில வருஷங்களில் இங்கிலீஷ் கம்பெனியே போய்விட்டது. தாய் போன பின் பிள்ளை திருவொற்றியூரில் வளர்ந்து, 1977-ல் இங்கிலாந்துக்கே வண்டி ஏற்றுமதி செய்தது.

இவ்வளவு குலப்பெருமை உள்ள வண்டி என் பிரயாணத்துக்கு ஏன் ஆகாது என்று நண்பர்கள் கேட்டார்கள். பதில் அதன் முன் மட்கார்டில் இருக்கிறது.

கரிசல் மண்ணைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். ஐப்பசி கார்த்திகையில் மழை விழுந்ததும் தண்ணீரைக் குடித்து உப்பும். வெடிப்பு மூடிக்கொள்ளும். அப்போது அது மண் அல்ல, பசை. நடந்து போகிறவன் செருப்பில் பத்து அடிக்கு ஒரு தரம் ஒரு படி மண் சேரும். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சக்கரத்துக்குக் கை இல்லை. டயரோடு சுற்றி வருகிற மண் மட்கார்டுக்குள் போய் அடைக்கும். மட்கார்டு டயரை ஒட்டி இருந்தால் நூறு கெஜத்தில் சக்கரம் நின்றுவிடும். எஞ்சினில் எத்தனை குதிரை இருந்தாலும் முன் சக்கரம் சுற்றாத வண்டியை என்ன செய்வது? குச்சியை வைத்துச் சுரண்டி, பத்தடி தள்ளி, மறுபடி சுரண்ட வேண்டும். ரோட்டுக்காகச் செய்த வண்டி எல்லாவற்றுக்கும் இந்தக் கதிதான். மழைக் காலத்தில் முன் மட்கார்டைக் கழற்றி வீட்டில் மாட்டிவிட்டு, முகமெல்லாம் சேற்றோடு திரிந்த பருத்தித் தரகர்களை நான் பார்த்திருக்கிறேன். காட்டு வண்டிகளில் முன் மட்கார்டு ஒரு முழம் மேலே, விளக்குக்கு அடியில், கொக்கு மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பதற்கு விகாரம்தான். ஆனால் கரிசலைத் தெரிந்தவன் கண்ணுக்கு அது அழகாகப் படும்.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் வாங்குவதற்கு மூன்று மோட்டார் சைக்கிள்தான் இருந்தன. புல்லட் ஒன்று. மைசூரில் 1961-ல் வரத் தொடங்கிய ஜாவா இன்னொன்று. செக்கோஸ்லவேகியா நாட்டு வண்டி. 1973-ல் அதற்கு எஸ்டி என்று பெயர் மாறிற்று. அதில் உதைக்கிற கிக்கரையே முன்னால் மடக்கினால் கியர் மாற்றுகிற நெம்புகோல் ஆகிவிடும். ஒரே இரும்பில் இரண்டு வேலை. மூன்றாவது ராஜ்தூத், எஸ்கார்ட்ஸ் கம்பெனி போலந்து நாட்டு மாதிரியைக் கொண்டு 1962-ல் ஆரம்பித்தது. கிராமப்புறத்தில் நன்றாக உழைத்தது ராஜ்தூத்தான் என்று பழைய ஆட்கள் சொல்லுவார்கள். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். உள்ளே அதிகமாக ஒன்றும் இல்லை. புளிய மரத்தடியில் கோணியை விரித்துப் போட்டுப் பிரித்துவிடலாம். மூன்றில் எதையும் யாரும் ‘காட்டு வண்டி’ என்று சொல்லி விற்கவில்லை. வாங்கினவர்கள் காட்டில் ஓட்டினார்கள். அவர்களுக்கு வேறு ரோடு இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் சரித்திரம் எழுதியதாக ஆகாது. ‘வாங்கினவர்கள்’ என்று எழுதிவிட்டேன். எல்லோரும் வாங்க முடிந்ததா? பணத்தை மட்டும் சொல்லவில்லை. தென் ஜில்லாக்களில் பல ஊர்களில், சில தெருக்கள் வழியாகப் போகும்போது சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டிய ஜனங்கள் இருந்தார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியது கரிசல் சேற்றுக்காக மட்டும் அல்ல. அந்த ஊர்களில் ஒரு இளைஞன் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, இறங்காமல் தெருவைக் கடந்து போனான் என்றால், அது ஒரு செய்தி. அடிதடியில் முடிந்த செய்தியும் உண்டு. ஊரைச் சுற்றி, கண்மாய்க் கரை வழியாக, முள்ளுக்குள் புகுந்து போகிற பாதைகள் பல இருப்பதற்குத் தூரம் குறைவு என்பது மட்டும் காரணம் அல்ல. தெரு வழியாகப் போகக் கூடாதவர்கள் நடந்து நடந்து உண்டாக்கிய பாதைகளும் அவற்றில் இருக்கின்றன. இன்றைக்குப் பொழுதுபோக்காகக் காட்டுப் பாதையைத் தேடிக்கொண்டு போகிறவர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

அந்தப் பாதைகளுக்கு நிஜமான வண்டி வந்தது 1980-ல். ஒசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. ஐம்பது சி.சி. மொபெட், இரண்டு பேர் போகலாம். இதை யாரும் அட்வெஞ்சர் என்று சொல்ல மாட்டார்கள். கல்லூரிப் பையன்கள் ஏறமாட்டார்கள். ஆனால் இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் வெட்டவெளியாக இடம் இருக்கிறதே, அதில் ஒரு மூட்டை உட்காரும். பின்னால் இரண்டு மூட்டை. கோழி, கருவாடு, கருப்பட்டி, பிளாஸ்டிக் குடம், உப்பு எல்லாம் கண்மாய்க் கரைமேல் அதில்தான் போயின. இன்றைக்கு அதன் பேரப்பிள்ளை நாலு ஸ்ட்ரோக், நூறு சி.சி.; எடை 90 கிலோவுக்குள். சேற்றில் மாட்டிக்கொண்டால் வியாபாரி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வண்டியை ஒரு பக்கமாகத் தூக்கி வைத்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொள்கிறான். நான் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

தூக்கி வைக்கிற இந்தச் சங்கதி அற்பம் அல்ல. மகா யுத்தத்தில் இதே ராயல் என்பீல்டுக்காரர்கள் 125 சி.சி.யில் ஒரு குட்டி வண்டி செய்தார்கள். ‘பறக்கும் தெள்ளுப்பூச்சி’ என்று அதற்குப் பெயர். எடை அறுபது கிலோவுக்குள் அடங்கும். இரும்புக் கூண்டில் வைத்துப் பாராசூட்டில் கட்டி ஆகாய விமானத்திலிருந்து போடுவார்கள். கீழே இறங்கின சிப்பாய் கூண்டைப் பிரித்து, உதைத்து, ஓட்டிக்கொண்டு போவான். 1944-ல் ஹாலந்தில் ஆர்னம் சண்டையில் அது இறங்கியிருக்கிறது. வேலி குறுக்கிட்டால் வேலிக்கு மேலே தூக்கிப் போட்டுவிடலாம். யுத்தம் நடத்துகிறவர்கள் நயம் பார்த்து வண்டி வாங்குவதில்லை. ஆள் தூக்க முடியுமா என்று பார்த்தார்கள்.

தார் ரோட்டுத் தேசங்களில் பின்னால் நடந்தது வேறு மாதிரி. 1968-ல் ஜப்பானின் யமஹா, டி.டி.-1 என்ற 250 சி.சி. வண்டியை அமெரிக்காவில் கொண்டுபோய் இறக்கியது. ஞாயிற்றுக்கிழமை காட்டுக்கு, திங்கட்கிழமை ஆபீசுக்கு. ஏராளமாக விற்றது. டூயல் ஸ்போர்ட் என்று ஒரு தனிச் சந்தை இருக்கிறது என்று மற்றக் கம்பெனிகள் விழித்துக்கொண்டது அப்போதுதான். 1980-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. தன் 800 சி.சி. வண்டிக்கு ‘ஜி/எஸ்’ என்று பெயர் வைத்தது. காடு, ரோடு என்பதற்கு அவர்கள் பாஷையில் முதல் எழுத்துக்கள். அடுத்த வருஷமே பாரிஸிலிருந்து டக்கார் வரை ஸஹாரா பாலைவனத்தைக் கடக்கிற பந்தயத்தில் அது ஜெயித்தது. அதிலிருந்து காட்டு வண்டி கனக்க ஆரம்பித்தது. அதே வம்சத்தில் பின்னால் வந்த 1250 சி.சி. வண்டி ஏறக்குறைய 250 கிலோ. மூன்று பேர் சேர்ந்துதான் நிமிர்த்த வேண்டும். அவர்கள் மூன்று பேராகப் போகிறார்கள்; பின்னால் சாமான் வண்டியும் வருகிறது. நான் போகிற இடத்தில் ஆடு மேய்க்கிற பையன் ஒருவன் கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம்.

சே குவேராவின் கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். 1952-ல் அவரும் சிநேகிதரும் ஒரு பழைய 500 சி.சி. நார்ட்டனில் தென் அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பினார்கள். வண்டிக்கு ‘வலிமையுள்ளவள்’ என்று பொருள்படும் பெயர். விழுந்து எழுந்து, கம்பி கட்டி, சிலி நாட்டோடு அது ஓய்ந்தது. மிச்சம் பிரயாணத்தை லாரியிலும் கப்பலிலும் செய்தார்கள். அவர்களுக்கு வயது இருபதுகளில் இருந்ததால் அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

நம் நாட்டில் இந்த மோகம் மிகத் தாமதமாக வந்தது. 2011-ல் ஹீரோ கம்பெனி இம்பல்ஸ் என்று ஒரு 150 சி.சி. வண்டி விட்டது. மட்கார்டு மேலே, சைலன்ஸர் மேலே, எல்லாம் சரி. ஜனங்கள் சீந்தவில்லை; சில வருஷங்களில் மறைந்தது. மைலேஜ் கேட்கிற நாட்டில் அவசரப்பட்டுப் பிறந்த குழந்தை என்று எனக்குத் தோன்றுகிறது. 2016-ல் ராயல் என்பீல்டு, ஹிமாலயன் என்று 411 சி.சி.யில் ஒன்றைக் கொண்டுவந்தது. இது பிடித்துக்கொண்டது. இமயமலையின் பெயர் வைத்த வண்டி பிறந்தது சென்னைக்குப் பக்கத்தில், கோடையில் நெருப்புக் கொட்டுகிற பூமியில். கரிசலின் பெயரை யாரும் வைக்கக் காணோம். 2019-ல் ஹீரோ மறுபடி முயன்று எக்ஸ்பல்ஸ் என்ற 200 சி.சி. வண்டியை விட்டது. 2023 கடைசியில் ஹிமாலயனுக்குத் தண்ணீர் குளிர்விக்கிற 452 சி.சி. எஞ்சின் வந்தது, எடை 196 கிலோ.

என் தேர்வு இந்த இரண்டுக்குள் வந்து நின்றது. இரண்டுக்கும் முன் சக்கரம் 21 அங்குலம். இரண்டுக்கும் வயிறு தரையிலிருந்து 22 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரம். கலுங்குக் கல்லில் தட்டாது. ஹிமாலயனின் எஞ்சின் சக்தி 40 குதிரை; மற்றதற்கு அதில் பாதிகூட இல்லை. சென்னையிலிருந்து லடாக் போகிறவன் யோசிக்கவே வேண்டியதில்லை, பெரியதை வாங்க வேண்டும். நான் அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடி போகிறவன்.

எனக்குப் புத்தி சொன்னவர் அருப்புக்கோட்டையில் ஒரு மெக்கானிக். என்னைவிட இருபது வயது இளையவர். பழைய வண்டியைப் பன்னிரண்டு வருஷமாகச் சாகவிடாமல் காப்பாற்றினவர். பேரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரண்டு வண்டியின் விவரத்தையும் நான் தாளில் எழுதிக்கொண்டு போய் வாசித்தேன். குதிரைச் சக்தி, முறுக்கு, ஸ்பிரிங் ஓட்டம் எல்லாம் வாசித்தேன். அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அதெல்லாம் இருக்கட்டும் அண்ணாச்சி. சேத்துல சாஞ்சா யாரு தூக்குறது?”

“நான்தான் தூக்கணும் தம்பி. வேறு யார் இருக்கா?”

“அப்பத் தூக்கிப் பாத்துட்டு வாங்குங்க.”

பட்டறைக்குப் பின்னால் மணல் குவித்திருந்தார்கள். அவருக்குத் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து 200 கிலோவுக்குக் கிட்டத்தட்ட உள்ள ஒரு வண்டியும், 160 கிலோ சுமாருள்ள ஒரு வண்டியும் ஏற்பாடு செய்தார். முதலாவதை மெதுவாக மணலில் படுக்க வைத்தோம். முதுகைச் சாய்த்து, கைப்பிடியை முழுக்க ஒடித்து, காலால் எழும்ப வேண்டும். முறை தெரியாமல் இடுப்பைக் கொடுத்தால் இடுப்பு போய்விடும். எழும்பினேன். வண்டி பாதி வரைக்கும் வந்து, யோசித்து, மறுபடி படுத்துக்கொண்டது. மெக்கானிக்கின் பையன் ஓடிவந்து பிடித்தான். இரண்டாவது வண்டி மூச்சு வாங்க வைத்தது, ஆனால் நின்றது. ஒரு தரம் போதாது என்று அவர் மறுபடி படுக்க வைத்தார். மூன்றாவது தரமும் நின்றது. நாற்பது கிலோ என்பது கடையில் அரிசி மூட்டையாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு, போனில் சிக்னல் இல்லாத ஓடையில், அதுதான் வீடு திரும்புவதற்கும் திரும்பாததற்கும் வித்தியாசம்.

முள்ளைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். கருவேல் முள் நீளமாக, நேராக, ஆணி மாதிரி இருக்கும். ட்யூப் இல்லாத டயராக இருந்தால் முள் குத்தினாலும் காற்று மெள்ளத்தான் இறங்கும். ரப்பர் திரியைச் செருகிவிட்டு வந்துவிடலாம். கம்பி போட்ட சக்கரத்தில் அது பொதுவாகக் கிடையாது. அதற்கென்று தனியாகச் செய்த விலை உயர்ந்த வளையம் வேண்டும். அலாய் சக்கரம் போட்ட வண்டி வாங்கலாமா என்றால், கல்லில் அடித்து வளைந்தால் நிமிர்த்த முடியாது. கம்பிச் சக்கரத்தைச் சைக்கிள் கடைக்காரரே கோட்டம் எடுத்துவிடுவார். ஆகவே கம்பி, ட்யூப். “பின் டயர் 18 அங்குலம், அது இங்கேயே கிடைக்கும். முன் ட்யூப் 21. அத மட்டும் வாங்கி இருக்கைக்குப் பின்னால கட்டிக்கிடுங்க. திருச்சுழியில போயி கேட்டா முழிப்பான்” என்றார்.

ஒரு விஷயத்தில் இரண்டு வண்டிக்கும் வித்தியாசம் இல்லை. 2020 ஏப்ரலில் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இறுகியது. அதிலிருந்து கார்புரேட்டர் போய், பெட்ரோலைப் பீய்ச்சுகிற குழாயும் அதற்கு ஒரு மின்சார மூளையும் வந்துவிட்டன. முன்பெல்லாம் மெக்கானிக் காதை எஞ்சின் பக்கம் வைத்துக் கேட்பார், ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதுவார், வண்டி கிளம்பிவிடும். இப்போது பெட்டியைச் செருகித் திரையைப் பார்க்கிறார். நம் மெக்கானிக்கும் அந்தப் பெட்டி வாங்கிவிட்டார். “காது சும்மா இருக்கு” என்றார். வருத்தமாகச் சொன்னாரா, வேடிக்கையாகச் சொன்னாரா, எனக்குப் புரியவில்லை. ஆனால் காட்டுக்குள் வண்டி நின்றால் புளிய மரத்தடியில் கோணி விரிக்கிற காலம் போய்விட்டது. 200 சி.சி. வண்டிக்குத் தண்ணீர் ரேடியேட்டர் இல்லை, காற்றும் எண்ணெயும்தான் குளிர்விக்கின்றன. முள் குத்துவதற்கு ஓர் இடம் குறைவு என்று அவர் சமாதானம் சொன்னார்.

எக்ஸ்பல்ஸ் வாங்கினேன். இருக்கை 82 சென்டிமீட்டர் சொச்சம் உயரம். என் கால் முழுக்கத் தரையில் படாது, விரல்தான் படும். அதற்கு இரண்டு வாரம் பழகினேன். கண்மாய்க் கரையில் நிற்க வேண்டுமானால் மேட்டுப் பக்கம் காலை ஊன்றுகிற மாதிரி முன்கூட்டியே இடம் பார்த்துக்கொள்கிறேன்.

ஆடியில் புழுதிப் பாதையில் போனேன். புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள், நல்ல மழைக்கு மறுநாள், வேண்டுமென்றே பருத்திக் காட்டு வழியாகப் போனேன். முன் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் ஒரு சாண் வெளிச்சம் தெரிந்துகொண்டே இருந்தது. சேறு டயரோடு ஏறி, சுற்றி, தன்பாட்டில் கழன்று விழுந்தது. பின் சக்கரம் இரண்டு தரம் வழுக்கி வண்டி ஒரு தரம் சாய்ந்தது. தூக்கி நிறுத்தினேன். எதிரே டி.வி.எஸ். மொபெட்டில் ஒரு முட்டை வியாபாரி, இருபுறமும் முட்டை அட்டைகளைக் கட்டிக்கொண்டு, கால் இரண்டையும் சேற்றில் துழாவிக்கொண்டே வந்தார். வழி விட்டு நின்றேன். என் வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன விலை இருக்கும் அண்ணாச்சி?”

சொன்னேன்.

“எம்புட்டு மூட்டை ஏறும்?” என்று கேட்டார். மூட்டை ஏறாது என்றதும், தலையை ஆட்டிவிட்டு, ஒரு முட்டைகூட உடையாமல் கரைமேல் ஏறிப் போனார்.